மூன்றாவது தடவையும் நீட்: தம்பி விட மறுப்பது எதை?

அம்மா, அன்று ஆலோசனைக்கு வந்தபோது, நீட்டை விடமாட்டேன் என்று நிற்கும் உங்கள் மகன் வெளியே போன பிறகு நீங்கள் கேட்டீர்களே, "இவன் பிடிவாதக்காரனே இல்ல சார், இதுல மட்டும் ஏன் இப்படி?" என்று. அப்போது அவசரத்தில் மழுப்பிவிட்டேன், இப்போது சொல்கிறேன்.

அவன் எழுதிக் கொடுத்த மெயில் ஐடியில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று இருக்கிறது. எட்டாவது படிக்கும்போது தொடங்கியதாம். தாத்தாவிலிருந்து கீழ்வீட்டு அக்கா வரைக்கும் 'டாக்டரே' என்றுதான் கூப்பிடுவார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னவன், போன வருஷத்திலிருந்து சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போவதை நிறுத்திவிட்டதையும் அதே மூச்சில் சொன்னான். எம்பிபிஎஸ் கிடைக்காமல் போவதுகூட அவனுக்குப் பெரிய பயமில்லை. அந்தப் பெயர் போய்விட்டால் தான் யார் என்பதுதான் பயம்.

ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-இல் கல்லூரி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார். பெற்றோர் வகுத்த பாதையை உரசிப் பார்க்காமலே தன்னுடையதாக எடுத்துக்கொண்டவர்கள், கொடுத்த பணியில் எட்டாத உயரத்துக்கு இலக்கு வைத்தார்கள். (உங்களைக் குற்றம் சொல்லவில்லை, ஆசையாகக் கூப்பிட்ட பெயர்தானே.)

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயர் நீட்டுக்கே குறுக்கே நிற்கிறது. மொத்தம் 720-இல் உயிரியல் 360, இயற்பியல் 180. மூன்று வருஷமாக அவன் வாங்கிய மார்க்கைப் பார்த்தேன், உயிரியல் ஏறிக்கொண்டே போகிறது, இயற்பியல் நாற்பதைத் தாண்டவில்லை. என்சிஇஆர்டி உயிரியல் புத்தகம் வரிக்கு வரி கோடு போட்டுக் கந்தலாகிக் கிடக்கிறது, இயற்பியல் புத்தகமோ கடையில் வாங்கிய மேனிக்கு இருக்கிறது. கேட்டால், "எனக்கு பயாலஜிதான் சார் வரும்." பதினோராம் வகுப்பு விசையிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டுமென்றால், தெரியாதவனாக உட்கார வேண்டும். 'டாக்டர்' அப்படி உட்காருவாரா?

சரி, என்ன செய்யலாம்? "டாக்டர் ஆசையை விடு" என்று மட்டும் சொல்லாதீர்கள், இன்னும் இறுக்கிப் பிடிப்பான். நீட்டை இத்தனை தடவைதான் எழுதலாம் என்று கணக்கில்லை, வயது உச்சவரம்பும் இப்போது இல்லை. அதனால் வேறு படிப்பில் சேர்ந்தால் கதவு சாத்திவிடும் என்று அவன் நினைக்க வேண்டியதில்லை. நம் மாநிலத்தில் கால்நடை மருத்துவம், பி.பார்ம், பி.எஸ்சி நர்சிங் எல்லாவற்றுக்கும் மாநில ஒதுக்கீட்டு இடங்களைப் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் தருகிறார்கள். அவனுடைய 600-க்கு 541 பீரோவில் சும்மா தூங்குகிறது. விண்ணப்பம் போட்டு வைக்கட்டும், சேர்வதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசலாம். சேர்ந்துவிட்டுப் பாதியில் விலகினால் பணம் ஏதும் கட்ட வேண்டுமா என்பதை மட்டும் முன்னாலேயே விசாரித்துவிடுங்கள்.

உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் பார்த்து, ஒரு நாள் காலையில் அவனைக் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள். பசுவுக்குச் சினை ஊசி போடுவதைப் பார்த்து முகம் சுளிக்கிறானா, கிட்டே போய்க் கேள்வி கேட்கிறானா என்று தெரிந்தாலே எனக்குப் பாதி வேலை முடிந்தது.

தாத்தாவிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், கொஞ்ச நாளைக்குப் பெயர் சொல்லியே கூப்பிடட்டும். அடுத்த முறை வரும்போது பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு அந்த இயற்பியல் புத்தகத்தையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.