சுட்டி மட்டும் விழும் குழு

வணக்கம் நண்பரே. நாற்பது வலைப்பதிவர்களைச் சேர்த்து வாட்ஸ்அப் குழு தொடங்கினேன், எல்லோரும் தங்கள் பதிவின் சுட்டியை (லிங்க்) போட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள், பின்னூட்டம் என்றால் 'அருமை' மட்டும்தான் என்கிறீர்கள். இது பழைய வியாதி. 2004-இல் தமிழ் வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் தமிழ்மணம் வந்த பிறகு வளர்ந்த பதிவுலகில் இதை 'மொய்' என்றே கிண்டல் செய்வோம். நீ வைத்தால் நானும் வைப்பேன், அவ்வளவுதான். பதிவுக்கு ஓட்டுப் போடும் வாக்குப்பட்டை வந்ததும் கோஷ்டிச் சண்டை வேறு (அதில் நானும் உண்டு, மறைப்பானேன்).

அப்போது உருப்படியாக நடந்தது வலைச்சரம் என்ற கூட்டு வலைப்பதிவு. வாரம் ஒருவர் ஆசிரியர். முதல் நாள் தன் பதிவுகளைச் சொல்லிக்கொள்ளலாம். மற்ற நாட்களில் அடுத்தவர் எழுத்தைத் தேடிப் படித்து அறிமுகம் செய்ய வேண்டும். அங்கே தன் பெயரைப் பார்த்துவிட்டு மறுபடி எழுத வந்தவர்களை எனக்கே தெரியும்.

அதையே செய்து பாருங்கள். சொந்தச் சுட்டிக்கு ஞாயிறு மட்டும். மற்ற நாளெல்லாம் அடுத்தவர் பதிவு, கூடவே பிடித்த வரி ஒன்று. முதல் மாதம் நீங்களேதான் தேரை இழுக்க வேண்டியிருக்கும். பத்துப் பேர் விலகுவார்கள், தடுக்காதீர்கள். குறை சொல்வது தனிச்செய்தியில் இருக்கட்டும், அதுவும் எழுதியவர் கேட்டால் மட்டும்.