உதட்டுக்கும் ஓய்வு வேண்டும்

கேள்வி: ஆலயத்தின் பிராஸ் பேண்டில் இரண்டு வருடங்களாக டிரம்பெட் வாசிக்கிறேன். தினமும் இரவு ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் பயிற்சி செய்தும் மேல் சுரங்கள் பிசிறடிக்கின்றன. ஆராதனையில் மூன்றாவது பாட்டுக்குள் உதடு மரத்துவிடுகிறது. பயிற்சி நேரத்தைக் கூட்டுவதா, விலை உயர்ந்த மவுத்பீஸ் (உதடு வைத்து ஊதும் முனை) வாங்குவதா?
- கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: இரண்டுமே வேண்டாம். நீங்கள் இடைவிடாமல் வாசிப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. உதட்டைச் சுற்றியுள்ள தசை களைத்ததும், கை தானாகவே வாத்தியத்தை முகத்தோடு சேர்த்து அழுத்தத் தொடங்கும். அப்படி அழுத்தினால் அந்த நேரத்துக்கு மேல் சுரம் கிடைத்துவிடும். ஆனால் இரத்த ஓட்டம் தடைபட்டு, அதிர வேண்டிய சதை அசையாமல் போகும். உங்களுக்கு மரத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான். அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் போன்ற மாமேதையே 1930களில் உதடு கிழிந்து, மாதக்கணக்கில் டிரம்பெட்டைத் தொடாமல் இருக்க நேர்ந்தது. உங்களுக்கு அந்த நிலை வரவே கூடாது.

ஆகவே ஒரு மணி நேரத்தைக் காலையும் மாலையுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் வாசித்தால் ஐந்து நிமிடம் வாத்தியத்தை மடியில் வையுங்கள். அந்த இடைவேளையில் அடுத்த வரியை வாய்விட்டுப் பாடியபடியே வால்வுகளில் விரல் ஓட்டுங்கள். பாட வராத சுரம் உதட்டிலும் சுலபமாக வராது.

முதலில் வாசிக்க வேண்டியது நடு ஜி சுரம். மிக மெதுவாக, நாக்கால் தட்டாமல், வெறும் மூச்சாலேயே தொடங்குங்கள். மூச்சு விட்ட பிறகு ஒலி தாமதித்துப் பிறந்தால் உதடு இறுகியிருக்கிறது என்று பொருள். சத்தமாக ஊதும்போது இந்தக் குறை தெரியாது, மெல்லிய ஒலியில்தான் அகப்படும். பிறகு எந்த வால்வையும் அழுத்தாமல் கீழ் சி, ஜி, மேல் சி என்று ஒரே மூச்சில் ஏறி இறங்குங்கள். ஏறும்போது நாக்கின் நடுப்பகுதி 'ஈ' சொல்வதுபோல் உயரட்டும், இடது கையின் பிடி இறுகக் கூடாது. கண்ணாடி முன் நின்று செய்தால் கன்னம் உப்புவதும் தெரியும். மேல் சி தெளிவாக வரும்வரை அதற்கு மேலே போகாதீர்கள்.

வீட்டில் தனியாக ஊதுவதைவிட ஆர்கனோடு வாசிப்பது அதிகம் கற்றுத்தரும். உங்களுடையது பி பிளாட் டிரம்பெட் என்றால், ஆர்கனுக்குச் சி என்று எழுதியிருப்பதை நீங்கள் டி என்று வாசிக்க வேண்டும். பாமாலைகளை இப்படி ஒரு சுரம் ஏற்றிப் படித்துப் பழகினால் எந்த நோட்டைக் கொடுத்தாலும் கலங்க மாட்டீர்கள். சில மாதங்களுக்குச் சோப்ரானோ என்னும் உச்சக்குரல் வரியை வேறொருவரிடம் விட்டுவிட்டு, அதற்குக் கீழே வரும் ஆல்டோ வரியை வாசியுங்கள். உதடும் தேறும், பிறரைக் கேட்டு வாசிக்கும் காதும் வளரும். டிரம்பெட்டில் கீழ் டி சரியான சுருதியைவிடச் சற்று ஏறியே ஒலிக்கும். இடது மோதிர விரலால் மூன்றாம் வால்வின் ஸ்லைடை (நகரும் குழாயை) வெளியே தள்ளிச் சரிசெய்யப் பழகுங்கள், பேண்டில் பலர் இதைச் செய்வதே இல்லை.

மோரிஸ் ஆந்த்ரேயின் ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். இளவயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த பிரெஞ்சு டிரம்பெட் கலைஞர் அவர். எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார் என்பதைப் பென்சிலால் குறித்துக்கொண்டு கேட்பது நல்லது.

மவுத்பீஸுக்குச் செலவழிக்கும் முன், இருப்பதை வெதுவெதுப்பான நீரில் பிரஷ் விட்டுக் கழுவுங்கள். சர்க்கரை போட்ட டீ குடித்த வாயோடு வாசித்தால் உள்ளே பிசுக்கு படியும். உதடு மறுநாள் காலையிலும் வீங்கியிருந்தால் அன்று வாசிக்கவே வேண்டாம். சில நாட்கள் ஓய்வெடுத்தும் மரத்த உணர்வு போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.