ஸ்டாண்ட்பை இருக்கும்போது கம்பேட்டிபிள் மதிப்பை எங்கே முதலில் உயர்த்துவது?

ஆரக்கிள் டேட்டாபேஸை 19சி பதிப்புக்கு மேம்படுத்திவிட்டீர்கள், எந்தப் பதிப்பின் வசதிகள் வரை பயன்படுத்தலாம் என்று சொல்லும் கம்பேட்டிபிள் அளவுரு மட்டும் 12.2.0-லேயே நிற்கிறது, பிரைமரி எனும் முதன்மை டேட்டாபேஸுக்கு ஸ்டாண்ட்பை எனும் மாற்று நகலைப் பராமரிக்கும் டேட்டா கார்டு ஓடுகிறது, எந்தப் பக்கம் முதலில் தொடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்டாண்ட்பையில் முதலில், அப்புறம்தான் பிரைமரியில். இந்த அளவுரு எஸ்பிஃபைலில், அதாவது ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியான அமைப்புக் கோப்பில், இருப்பது. பிரைமரியின் மாற்றங்களை ஸ்டாண்ட்பைக்குக் கொண்டுபோகும் ரீடோ பதிவு அதைச் சுமந்துகொண்டு போகாது, இரண்டு பக்கமும் நீங்கள்தான் கையால் மாற்றி மறுதொடக்கம் செய்ய வேண்டும். பிரைமரியை முதலில் உயர்த்தினால் ஸ்டாண்ட்பை பின்தங்கி, ரீடோ வந்து சேர்வதே தடைபடலாம். மதிப்பை 19.0.0 என்றே கொடுங்கள், பேட்ச் எண்ணைச் சேர்த்து 19.3.0 என்றெல்லாம் வேண்டாம்.

அவசரமும் வேண்டாம். உயர்த்தித் திறந்த பிறகு இறக்க வழியில்லை. பழைய மதிப்பைப் போட்டுத் தொடங்கினால், டேட்டாபேஸின் அமைப்பைக் குறித்து வைத்திருக்கும் கன்ட்ரோல் ஃபைல் ஒத்துவரவில்லை என்று ஓஆர்ஏ-00201 பிழை வரும். மேம்படுத்தலுக்கு முன் எடுத்து வைத்த ரிஸ்டோர் பாயின்ட்டுக்கும் ஃப்ளாஷ்பேக் செய்ய, அதாவது குறித்து வைத்த அந்த நிலைக்குத் திரும்பிப் போக, முடியாது. அதனால் அப்ளிகேஷன் ஒரு மாத இறுதிக் கணக்கையாவது தாண்டட்டும் என்று நான் காத்திருப்பேன்.

பலரும் மறப்பது ஏஎஸ்எம் டிஸ்க் குரூப்பை, அதாவது ஆரக்கிளின் சேமிப்பு மேலாண்மை மென்பொருளான ஏஎஸ்எம் ஒன்றாகச் சேர்த்து வைக்கும் வட்டுகளை. அதற்குத் தனியாக கம்பேட்டிபிள்.ஏஎஸ்எம், கம்பேட்டிபிள்.ஆர்டிபிஎம்எஸ் என்று இரண்டு பண்புகள். இவையும் ஒருவழிப் பாதைதான். டேட்டாபேஸின் கம்பேட்டிபிள், டிஸ்க் குரூப்பின் ஆர்டிபிஎம்எஸ் மதிப்பைவிடக் குறைவாக இருந்தால் அந்த டிஸ்க் குரூப்பை அது தொடவே முடியாது.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இதை நேரில் பட்டேன். டிஆர் (பேரிடர் மீட்பு) பக்கம் பராமரிப்புக்காக ஸ்டாண்ட்பையை நிறுத்தியிருந்தோம். அந்த நேரத்தில் அங்கே டேட்டா டிஸ்க் குரூப்பின் ஆர்டிபிஎம்எஸ் பண்பு 19.0.0.0 ஆக்கப்பட்டது. டேட்டாபேஸ் இணைந்திருந்தால் ஏஎஸ்எம்மே மறுத்திருக்கும், நின்றிருந்ததால் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது. ராத்திரி ஸ்டாண்ட்பையை எழுப்பினால் எழவில்லை, அதன் கம்பேட்டிபிள் இன்னும் 12.2.0. பிரைமரியில் மாற்ற அனுமதி இல்லாததால் ஸ்டாண்ட்பையை மட்டும் உயர்த்திவிடாமல், பழைய மதிப்போடு டிஸ்க் குரூப்பைப் புதிதாக உருவாக்கி, ஆர்மேன் எனும் காப்பு-மீட்புக் கருவியை வைத்து ஸ்டாண்ட்பையை முழுதாகத் திரும்பக் கட்டினோம். விடிந்துவிட்டது. அதுவரை டிஆர் இல்லாமல் பிரைமரி தனியாக ஓடியதுதான் எனக்குப் பெரிய பயம்.

அதனால் மாற்றும் நாளில் இரண்டு பக்கமும் டிஸ்க் குரூப் விவரங்களைக் காட்டும் வி$ஏஎஸ்எம்_டிஸ்க்குரூப்பில் கம்பேட்டிபிலிட்டி, டேட்டாபேஸ்_கம்பேட்டிபிலிட்டி இரண்டு பத்திகளையும், கூடவே ஷோ பராமீட்டர் கம்பேட்டிபிள் கட்டளை தருவதையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் டேட்டாபேஸ் கம்பேட்டிபிளை உயர்த்துங்கள். டிஸ்க் குரூப்பை, அதைப் பயன்படுத்தும் கடைசி டேட்டாபேஸும் மேலே வந்த பிறகு தொட்டால் போதும்.