மூன்று நாள் பயணத்துக்கு ஆண்டு சீசன் எதற்கு?

கேள்வி: வணக்கம் ஐயா. மேற்கு யார்க்‌ஷரில், பெனைன் மலைப் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். எனக்கு மான்செஸ்டரில் வேலை. செவ்வாய், புதன், வியாழன் மட்டும் அலுவலகம். தினமும் காலையில் போனில் ரிட்டர்ன் டிக்கெட் எடுக்கிறேன், சுமார் 14 பவுண்டு. ஆண்டு சீசன் எடுத்தால் நிறுவனம் வட்டியில்லாக் கடன் தருகிறது. லண்டன் ஹாரோவில் இருக்கும் அண்ணன் "கண்ணை மூடிக்கொண்டு எடு" என்கிறார். மனைவியோ ரயிலே வேண்டாம், கடனில் ஒரு பழைய கார் வாங்கலாம் என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. போன மாதம் மட்டும் ஆறு முறை கால் மணி நேரத்துக்கு மேல் தாமதம், அவை போக ஒரு முறை 50 நிமிடம், ஒரு முறை ஒரு மணி நேரத்துக்கு மேல். நான்கு பெட்டி வரவேண்டிய ரயில் இரண்டு பெட்டியோடு வந்து நிற்கும். எங்களோடு தங்கியிருக்கும் மைத்துனனுக்கு (வயது 27) காலை 7 மணி ரயிலில் ரயில்கார்டு (கட்டணச் சலுகை அட்டை) காட்டியதற்கே அபராதச் சீட்டு கொடுத்துவிட்டார்கள். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: எனக்கும் எட்டு வயது மகனுக்கும் ரயில் பைத்தியம். விடுமுறை நாளில் ரயில் பார்க்கவே ரயிலில் போவோம். 210 பவுண்டுக்கு ஒரு ஹார்ன்பி மாதிரி ரயில் என்ஜின் வாங்க ஆசை. சேமிப்பு 1,800 பவுண்டுதான். என்ன செய்யலாம்?

பதில்: அண்ணன் சொன்னது அவருக்குச் சரி, உங்களுக்குச் சரியில்லை. லண்டன் பக்கம் ஆண்டு சீசன் எடுப்பவருக்கு கோல்டு கார்டு என்று ஒரு சலுகை சேர்ந்து வரும்; மற்ற பயணங்களில் மூன்றில் ஒரு பங்கு குறையும். உங்கள் பாதைக்கு அது கிடையாது. அவர் வாரம் ஐந்து நாள் போகிறவராகவும் இருக்கலாம்.

பிரிட்டனில் சீசன் டிக்கெட் விலைக்கு ஒரு சூத்திரம் உண்டு. மாதச் சீசன் என்பது வாரச் சீசனைப் போல 3.84 மடங்கு, ஆண்டுச் சீசன் 40 மடங்கு. உங்கள் தினசரி டிக்கெட் 14 பவுண்டு என்பதால் வாரச் சீசனை 56 என்று வைத்துக்கொள்கிறேன். எண்களைச் சுற்றித்தான் எழுதுகிறேன், உங்கள் நிலையத்தின் விலையைப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் மாதச் சீசன் 215, ஆண்டுச் சீசன் 2,240 பவுண்டு.

இனி நாட்களை எண்ணுவோம். விடுப்பு, பொது விடுமுறை எல்லாம் போக ஆண்டுக்கு 46 வாரம். வாரம் மூன்று நாள் என்றால் 138 நாள். தினசரி டிக்கெட்டே எடுத்தாலும் 1,932 பவுண்டுதான் ஆகும். ஆண்டுச் சீசன் தினசரி டிக்கெட்டை வெல்ல 160 நாளாவது போக வேண்டும். நீங்கள் போகப்போவதில்லை. காய்ச்சல், வீட்டில் போய்லர் ரிப்பேர், மகனின் பள்ளி விழா என்று அந்த 138-உம் குறையத்தான் செய்யும்.

உங்களைப் போன்றவர்களுக்காகவே 2021 ஜூனில் இங்கிலாந்தில் ஃப்ளெக்ஸி சீசன் வந்தது. 28 நாளுக்குள் ஏதாவது 8 நாள் பயணம் செய்யலாம். உங்கள் பாதையில் அது 95 பவுண்டு என்று வைத்தால் ஒரு நாளுக்கு 12 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. இந்த எட்டு நாள் கட்டு 17 எடுத்தால் 136 நாளுக்கு ஆகும், மீதி இரண்டு நாளுக்குத் தினசரி டிக்கெட்: மொத்தம் 1,643 பவுண்டு. ஆண்டுச் சீசனைவிட ஏறக்குறைய 600 குறைவு. எட்டு நாளும் உங்களுக்கு மூன்று வாரத்துக்குள் தீர்ந்துவிடும், தீர்ந்ததும் அடுத்ததை வாங்கலாம். ஆனால் 28 நாள் ஓடிவிட்டால் மிச்சமிருப்பது வீண். அதனால் டிசம்பர் நடுவில் புதுக் கட்டு தொடங்காதீர்கள். கிறிஸ்மஸ் வாரமும் புத்தாண்டும் அதைத் தின்றுவிடும்.

வாங்குமுன் இன்னொன்றையும் பாருங்கள். கவுண்டி எல்லையைத் தாண்டும் பயணங்களில், வழியில் உள்ள ஒரு நிலையத்தோடு டிக்கெட்டை இரண்டாக உடைத்து வாங்கினால் சில நேரம் மலிவாக இருக்கும். விதி அனுமதிக்கிறது. அந்த ரயில் அந்த நிலையத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் இறங்கி ஏற வேண்டியதில்லை.

முன்பெல்லாம் கட்டணம் ஏறும் முன் ஆண்டுச் சீசன் எடுத்துப் பழைய விலையைப் பிடித்து வைப்பது ஒரு தந்திரம். 2025 மார்ச்சில் 4.6 சதவீதம் ஏறியபோது பலர் அதைச் செய்தார்கள். இப்போது அந்த அவசரமும் இல்லை. சீசன் உட்பட இங்கிலாந்தின் கட்டுப்படுத்தப்பட்ட கட்டணங்கள் 2027 மார்ச் வரை ஏறாது என்று அரசு அறிவித்துவிட்டது.

கடன் விஷயத்துக்கு வருவோம். 10,000 பவுண்டு வரை வட்டியில்லாக் கடனுக்கு உங்கள் தலையில் வரி விழாது. கடனில் குறையில்லை, அதை வைத்து வாங்கும் பொருளில்தான் குறை. எட்டு மாதத்தில் வேலை மாறினீர்கள் என்று வையுங்கள். மீதிக் கடனை ஒரே மூச்சில் கட்டச் சொல்வார்கள். சீசனைத் திருப்பிக் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 747 பவுண்டு வரும் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவர்கள் கணக்கு வேறு: பயன்படுத்திய எட்டு மாதத்துக்கு எட்டு மாதச் சீசன் விலையைக் கழிப்பார்கள். கையில் வருவது சுமார் 520, அதிலும் 5 பவுண்டு வரை சேவைக் கட்டணம் போகலாம். பத்தரை மாதம் தாண்டினால் ஒன்றுமே வராது.

தாமதத்துக்கு இழப்பீடு கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே? டிலே ரீபே என்ற திட்டம் இருக்கிறது. பெரும்பாலான நிறுவனங்களில் 15 நிமிடத்திலிருந்தே காசு உண்டு. ஒரு வழிக் கட்டணத்தில் 15 முதல் 29 நிமிடத்துக்குக் கால் பங்கு, 30 முதல் 59 வரை பாதி, ஒரு மணி நேரம் ஆனால் முழுதும். இரண்டு மணி நேரம் தாண்டினால் ரிட்டர்ன் விலை முழுவதும். உங்கள் 14 பவுண்டு டிக்கெட்டில் ஒரு வழி 7. ஆறு முறை 1.75, ஒரு முறை 3.50, ஒரு முறை 7. போன மாதம் நீங்கள் விட்டது 21 பவுண்டு, அதாவது ஒன்றரை நாள் பயணம். "ஒன்றே முக்கால் பவுண்டுக்கு யார் படிவம் நிரப்புவது" என்று நானும் ஒரு காலத்தில் விட்டவன்தான். மழையில், பல்பு விட்டு விட்டு எரியும் ஒரு பிளாட்ஃபாரத்தில் முக்கால் மணி நேரம் நின்ற ஒரு நவம்பர் இரவுக்குப் பிறகு விடுவதில்லை. போனில் இரண்டு நிமிட வேலை.

ஆண்டுச் சீசன்காரருக்கு இங்கேயும் ஒரு அடி உண்டு. இழப்பீட்டுக்கு அவருடைய ஒரு வழிக் கட்டணத்தை ஆண்டு விலையில் 464-இல் ஒரு பங்காகக் கொள்வார்கள். 2,240-ஐ 464-ஆல் வகுத்தால் 4.83 பவுண்டு. நீங்கள் உண்மையில் போவதோ 276 தடவை. உங்களுக்கு ஒரு தடவை விழும் செலவு 8 பவுண்டுக்கு மேல். கொடுப்பது எட்டு, தாமதமானால் அவர்கள் கணக்கில் எடுப்பது ஐந்துகூட இல்லை. ஃப்ளெக்ஸியில் 16-இல் ஒரு பங்கு, 5.94. இது நீங்கள் கொடுத்த காசுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

28 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வவுச்சர் வேண்டாம், வங்கிக்கணக்குக்கே கேளுங்கள். தாமதம் என்பது இறங்கும் நிலையத்தை அடையும் நேரத்தை வைத்து. ரத்தான ரயிலுக்குப் பதில் அடுத்ததில் போய்ச் சேர்ந்தாலும், இணைப்பு ரயில் தவறினாலும் கணக்கில் வரும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. முந்தின நாள் இரவு 10 மணிக்குள் நீக்கப்பட்ட ரயில், மறுநாள் அட்டவணையிலேயே இல்லாததாக ஆகிவிடும். அதைக் காட்டி மறுக்க வாய்ப்பு இருக்கிறது. மாலையிலேயே மறுநாள் அட்டவணையைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நியாயமான கோரிக்கையை மறுத்தால் முதலில் நிறுவனத்திடம் புகார், பிறகு 2018 முதல் இயங்கும் ரயில் குறைதீர்ப்பாளர். செலவில்லை.

மைத்துனன் விஷயத்தில் கோபம் புரிகிறது. ஆனால் விதி அவர்கள் பக்கம். 26-30 ரயில்கார்டில் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 4.30 முதல் 10 மணி வரை, குறைந்தபட்சக் கட்டணம் 12 பவுண்டு. டிக்கெட்டின் முழு விலையே 12-க்குக் கீழ் என்றால் அந்த நேரத்தில் கார்டுக்கு வேலையில்லை, முழு விலைதான். அபராதம் 100 பவுண்டும் ஒரு வழிக் கட்டணமும். 21 நாளுக்குள் கட்டினால் 100 என்பது 50 ஆகும். தெரியாமல் செய்ததாக மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அந்த 21 நாளைத் தவறவிட வேண்டாம்.

கார்? உங்கள் ஊரிலிருந்து மான்செஸ்டர் 22 மைல் என்று வைத்தால் போக வர 44. அலுவலக வேலையாகக் காரில் போவதற்கு வரித்துறை ஏற்கும் மைலுக்கு 45 பென்ஸ் என்ற அளவை வைத்தால் நாளுக்கு 19.80 பவுண்டு, நகர மையத்தில் பார்க்கிங் தனி. அதற்கு மேல் கார்க்கடனின் வட்டி. எம்62 நெடுஞ்சாலை பெனைன் மேட்டில் ஏறுமிடம் இங்கிலாந்தின் மோட்டார்வேக்களிலேயே உயரமானது. ஜனவரி மூடுபனியில் அங்கே ஊர்ந்தவருக்கு இரண்டு பெட்டி ரயில் சொர்க்கம். கார் குடும்பத்துக்கு வேண்டுமென்றால் அது தனிக் கேள்வி. வேலைக்குப் போவதற்காக என்றால் வேண்டாம்.

கடைசியாக உங்கள் பைத்தியம். அதை ஒரு குற்றம்போல எழுதியிருக்கிறீர்கள். பேசர் ரயில்களில் குலுங்கிக்கொண்டு போனவன் நான். லேலண்ட் பஸ்ஸின் உடலை நான்கு சக்கரத்தில் ஏற்றி 1980-களில் ஓடவிட்டார்கள், தண்டவாளம் வளையும் இடத்திலெல்லாம் கிறீச்சிடும். அன்றைக்குத் திட்டியவர்களே இன்று பாரம்பரிய ரயில்பாதையில் அதில் ஏறக் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு உங்களைப் புரியும்.

விடுமுறைப் பயணத்துக்கு ஃபேமிலி அண்டு ஃபிரெண்ட்ஸ் ரயில்கார்டு எடுங்கள், ஆண்டுக்கு 35 பவுண்டு. பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, 5 முதல் 15 வயதுக் குழந்தைகளுக்கு 60 சதவீதம் தள்ளுபடி. பெரியவர் டிக்கெட் 30, பாதிக் கட்டணத்தில் மகனுக்கு 15 என்றால் மூவருக்கு 75 ஆகும் பயணம் கார்டோடு 46. இரண்டாவது பயணத்திலேயே கார்டின் விலை திரும்பிவிடும். முதல் பயணமாக, மனைவியையும் கூட்டிக்கொண்டு, செட்டில்-கார்லைல் பாதையில் போங்கள். 1876-இல் பயணிகளுக்குத் திறந்தது, 1980-களில் மூடப் பார்த்தார்கள், மக்கள் போராடி 1989-இல் காப்பாற்றினார்கள். ரிபிள்ஹெட்டில் 24 வளைவுப் பாலத்தின் மேல் ரயில் மெதுவாகப் போகும்போது உங்கள் மனைவி கார் பேச்சை எடுக்கமாட்டார் என்று நினைக்கிறேன். யார்க் ரயில் அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. 1938-இல் மணிக்கு 126 மைல் ஓடிய மல்லார்ட் நீராவி என்ஜின் அங்கே நிற்கிறது.

ஹார்ன்பி என்ஜினை இந்த மாதம் வாங்க வேண்டாம். 1,800 பவுண்டு சேமிப்பு ஒரு குடும்பத்துக்குப் போதாது, மூன்று மாதச் செலவாவது கையில் இருக்க வேண்டும். ஆண்டுச் சீசனுக்குக் கடன் வாங்கியிருந்தால் சம்பளத்தில் பிடித்திருப்பார்களே, அதைவிட ஃப்ளெக்ஸியால் மிஞ்சும் மாதம் 50 பவுண்டைச் சேமிப்புக்கு அனுப்புங்கள். டிலே ரீபே காசு அதில் சேர வேண்டாம், அது மகன் பெயரில் தனி உண்டியல். போன மாதத் தாமதங்களில் 28 நாள் கெடு முடியாதவை இருந்தால் இன்றிரவே படிவத்தை நிரப்புங்கள். என்ஜினுக்கான முதல் 3.50-உம் 7-உம் அங்கேதான் கிடக்கின்றன.