மரமஞ்சள் கேப்சூலும் அப்பாவின் மெட்ஃபார்மினும்

கேள்வி: ரேஸ் கோர்ஸில் காலை நடைக்குப் போகும் அப்பாவிடம் ஒருவர் ‘பெர்பெரின்’ என்ற மரமஞ்சள் கேப்சூலை விற்றிருக்கிறார். 60 கேப்சூல் 1,200 ரூபாய். தினம் ஒன்று போதும், பக்க விளைவே கிடையாது, மெட்ஃபார்மினை நிறுத்திவிடலாம் என்கிறாராம். அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. கொழுப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். நிறுத்தலாமா? மூலிகைதானே, கர்ப்பமாக இருக்கும் என் மனைவிக்கும் கொடுக்கலாமா?
– வாசகர், திருநகர், மதுரை

பதில்: கடைசி வரியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மனைவிக்குக் கொடுக்காதீர்கள். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருளை ரத்தத்தில் பிடித்து வைத்திருக்கும் புரதத்திலிருந்து அதைக் கழற்றிவிடக் கூடியது பெர்பெரின். பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை முற்றினால் மூளை வரை பாதிக்கும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இது ஆகாது.

அப்பா விஷயத்துக்கு வருவோம். ‘எல்லாம் ஏமாற்று’ என்று முடித்தால் எனக்கும் வேலை மிச்சம். ஆனால் பெர்பெரின் வெறும் கதை இல்லை. கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் கட்டையாகக் கிடைக்குமே, அந்த மரமஞ்சளில் இருக்கும் மஞ்சள் நிறச் சத்துதான் அது. சீனாவில் வயிற்றுப்போக்குக்குக் கொடுத்து வந்தபோது சர்க்கரையும் இறங்குவதைக் கவனித்தார்கள். 2008இல் வெளியான சீன ஆய்வு ஒன்றில், புதிதாகச் சர்க்கரை நோய் கண்ட 36 பேரில் ஒரு பகுதியினருக்குப் பெர்பெரினும் மற்றவர்களுக்கு மெட்ஃபார்மினும் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் பெர்பெரின் சாப்பிட்டவர்களின் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சராசரி 9.5இலிருந்து 7.5க்கு வந்தது. மெட்ஃபார்மினும் ஏறக்குறைய அதே அளவுதான் குறைத்தது. கெட்ட கொழுப்பையும் இது ஓரளவு குறைக்கிறது.

விற்பவர் சொல்லாததைக் கேளுங்கள். அந்த ஆய்வில் கொடுத்தது 500 மில்லிகிராம், தினம் மூன்று வேளை. உங்கள் கேப்சூலும் 500 என்றே வைத்துக்கொண்டாலும், ‘தினம் ஒன்று’ என்பது மூன்றில் ஒரு பங்குதான். முழு அளவு சாப்பிட்டால் டப்பா 20 நாளில் காலி, மாதச் செலவு 1,800 ரூபாய். மெட்ஃபார்மின் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021இலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

36 பேர், மூன்று மாதம். மெட்ஃபார்மினுக்கோ பிரிட்டனில் பத்தாண்டுக்கு மேல் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு இருக்கிறது. உடல் பருத்தவர்களிடம் மாரடைப்பும் சாவும் குறைந்ததை 1998இல் காட்டினார்கள். பெர்பெரினுக்கு அப்படி ஒன்று இல்லை. சர்க்கரை எண் குறைவது ஒன்று, அடுத்த பத்து வருடம் இதயமும் சிறுநீரகமும் தப்பிப்பது வேறொன்று. அப்புறம், மூலிகைப் பெருமை பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல்: கலேகா என்ற ஐரோப்பியச் செடியின் சத்தை ஒட்டி உருவானதுதான் மெட்ஃபார்மினும். 1957இல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதைச் சர்க்கரை நோய்க்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார்.

பக்க விளைவே கிடையாது என்பது சுத்தப் பொய். வயிற்றுவலி, பேதி, மலச்சிக்கல் எல்லாம் வரும். கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை இது தடுக்கிறது. அதனால் சில கொழுப்பு மாத்திரைகள் ரத்தத்தில் கூடுதலாகத் தங்கலாம். அப்பா சாப்பிடுவது எது என்று பாருங்கள். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரினின் அளவை இது ஏற்றிவிடுவதும் தெரிந்ததே. உடம்பில் வேலை செய்யும் பொருள் எதுவும் இப்படித்தான். மூலிகை என்றால் சலுகை கிடையாது.

டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண் இருக்கும், அதைக் காட்டி அசத்துவார்கள். அது உணவுப் பொருள் விற்பதற்கான உரிமம். சர்க்கரையைக் குணப்படுத்தும் என்பதற்குச் சான்று இல்லை.

மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டாம். டப்பாவையும் அப்பா சாப்பிடும் மற்ற மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு அவருடைய டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் சொல்லும்வரை கேப்சூலைத் தொட வேண்டாம்.