தண்ணீர் எங்கே தங்குகிறது? பழைய பண்ணை டிரக்குகள்: கேள்வி பதில்

பண்ணை வேலைக்கென்று 1950-களிலும் 60-களிலும் செய்யப்பட்ட மூன்று பிக்கப் டிரக்குகளை அடுத்தடுத்து வைத்திருந்தவன் நான். மூன்றும் துருப்பிடித்தவை. எந்த நிறுவனத்தின் வண்டிகள் என்று சொல்லப் போவதில்லை. அந்தக் காலத்தில் எல்லாருமே வெறும் இரும்புத் தகட்டில் பெயின்ட் அடித்துத்தான் விற்றார்கள். துத்தநாகம் பூசிய தகடு பரவலானது 1980-களில்தான். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, மற்றவற்றுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, உங்கள் முதல் டிரக் எந்த நிலையில் கைக்கு வந்தது?

1951-இல் செய்த அரை டன் வண்டி. கிளட்ச் மிதிக்குப் பக்கத்தில் தரைத்தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. வேகமானி எப்போதோ நின்றுவிட்டதால் அந்த ஓட்டையே எனக்கு வேகமானி. கீழே ஜல்லி தனித்தனியாகத் தெரிந்தால் இரண்டாம் கியர். கோடு கோடாக ஓடினால் மூன்றாம் கியர் போட்டாயிற்று என்று அர்த்தம். மழைக் குட்டையில் இறங்கினால் இடது கால் முழங்கால் வரை நனையும். நான் எந்த வழியாக வந்தேன் என்பதை என் கால்சட்டையைப் பார்த்தே வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

ஒரு கோடைக்காலம் முழுவதும் அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு மூடியிருந்தேன். பிறகு அதுவும் நனைந்து உப்பிப் போனது. கடைசியில் தகடு வெட்டி வெல்டிங் செய்தபோது உண்மையில் வருத்தமாக இருந்தது. சாலையைப் பார்க்காமல் ஓட்டுவது என்னவோ பொய் சொல்வது போல இருந்தது.

எங்கள் தாத்தாவின் காரும் அதே வயதுதான். அது நன்றாக இருக்கிறது, டிரக் மட்டும் சல்லடையாகிவிட்டது. பண்ணை வண்டி ஏன் இவ்வளவு துருப்பிடிக்கிறது?

கார் நனைந்தது, காய்ந்தது. டிரக் நனைந்தது, காயவே இல்லை. இதுதான் வித்தியாசம்.

எல்லா வண்டிகளிலும் கதவின் அடியிலும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டிலும், கேபினின் பின்மூலைகளிலும் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. பண்ணை வண்டியில் அந்தத் துளைகளை வைக்கோல் துணுக்கும் தானியத் தூசியும் சேறும் அடைத்துவிடும். அடைத்த தூசி பஞ்சுபோல ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே உரமூட்டையும் சாணமும் ஏற்றியிருப்பீர்கள். உரத்தில் இருக்கும் உப்புகள் ஈரத்தில் கரைந்தால், துருப்பிடிக்க வேண்டிய மின்வேதி வினைக்கு வழி திறந்துவிட்டது போலத்தான். அதனால்தான் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. பெயின்டில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

எனவே என்னிடம் துருவைப் பற்றிக் கேட்கும் எல்லாரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வண்டியில் தண்ணீர் எங்கே தங்குகிறது?

இன்னொன்று. உப்புச் சேறோடு வரும் வண்டியைச் சூடான கொட்டகையில் நிறுத்துவது அதற்குச் செய்யும் உபகாரம் என்று பலர் நினைக்கிறார்கள். குளிரில் துரு மெதுவாகத்தான் வளரும். வெதுவெதுப்பான ஈரத்தில்தான் ஓட்டமாக ஓடும். கழுவாமல் சூட்டில் நிறுத்துவதைவிட வெளியே குளிரில் விடுவதே மேல்.

ஒரு பழைய பிக்கப் வாங்கப் போகிறேன் அண்ணா. எங்கே பார்க்க வேண்டும்?

பெயின்டைப் பார்க்காதீர்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்றும் சிறு சுத்தியல் ஒன்றும் எடுத்துப் போங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள். சுத்தியலால் சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு மணிபோல ஒலிக்கும். துருத் தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும். கேபின் சேஸிஸில் உட்காரும் நான்கு இடங்களையும் படுத்துப் பாருங்கள். அவை போயிருந்தால் கதவுகள் சரியாக மூடாது, எத்தனை முறை கீல் மாற்றினாலும்.

பின்பெட்டியை நான் கடைசியில்தான் பார்ப்பேன். அது மரப்பலகையாக இருந்தால் ஒரு விடுமுறை நாளில் மாற்றிவிடலாம். சேஸிஸை அப்படி மாற்ற முடியாது.

ஸ்கவுட்டா, ஷெவர்லேயா, ஃபோர்டா?

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்ற அமெரிக்க நிறுவனத்தார் ஸ்கவுட் வண்டியை 1961 முதல் 1980 வரை செய்தார்கள். அவர்களது பிக்கப்கள் 1975-உடன் நின்றன. ஸ்கவுட்டின் துருவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதெல்லாம் உண்மை. ஆனால் அந்த வண்டி ஒருவர் மனதில் பதிந்தால் வேறெதுவும் பதியாது என்பதும் உண்மை. மாற்றுத் தகடு சுலபமாகக் கிடைக்க வேண்டும் என்றால் 1947-க்கும் 1955-க்கும் இடைப்பட்ட ஷெவர்லே, அல்லது 1948-இல் தொடங்கிய ஃபோர்டு எஃப் வரிசை. இவற்றுக்குத் தரைத்தகடும் கேபின் மூலைகளும் இன்றும் புதிதாக அச்சில் அழுத்திச் செய்து விற்கிறார்கள். அதே காலத்து இன்டர்நேஷனல் பிக்கப்களுக்குத் தகடு தேடுவதென்றால் பொறுமை வேண்டும், கையில் தகடு வெட்டத் தெரிந்த டிங்கரும் வேண்டும்.

துருமாற்றித் திரவம் பூசினால் போதுமா?

மேல்துருவுக்குப் போதும். பாஸ்பாரிக் அமிலம் மேலோட்டமான துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும், அதன் மேல் பிரைமர் நிற்கும். தகடு செதில் செதிலாக உரிகிற இடத்தில் பூசினால் திரவம் செதிலின் மேல்தான் இருக்கும். அங்கே வெட்டத்தான் வேண்டும்.

வண்டி இருபது நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்புகிறது. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிவிட்டேன்.

மூன்றாம் முறை கழற்றாதீர்கள். டாங்க்கைப் பாருங்கள். உள்ளே உதிர்ந்த துருச் செதில்கள் பெட்ரோல் உறிஞ்சும் குழாயின் வாயில் மெல்ல மெல்ல வந்து ஒட்டிக்கொள்கின்றன. என்ஜின் நின்றதும் உறிஞ்சல் இல்லை, அவை கீழே விழுந்துவிடுகின்றன. இந்த விளையாட்டு எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. அதுவரை பற்றவைப்புச் சுருளைத் திட்டிக்கொண்டிருந்தேன். டாங்க்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஒரு வடிகட்டி போடுங்கள். வண்டியை நீண்ட நாள் நிறுத்தும்போது டாங்க்கைப் பாதி காலியாக விடாதீர்கள், காலியான சுவரில்தான் ஈரம் வியர்க்கும். பெட்ரோல் இருந்த டாங்க்கில் வெல்டிங் மட்டும் வைக்க வேண்டாம். கழுவிவிட்டேன் என்று சொல்லி வெல்டிங் வைத்து, டாங்க்கை வெடிக்கவிட்டவர்கள் உண்டு.

மழையில் ஓட்டிய நினைவு ஏதாவது சொல்லுங்களேன்.

என் இரண்டாவது வண்டியில் வைப்பர் மோட்டார் கிடையாது. என்ஜினின் உறிஞ்சல் சக்தியில் வைப்பர் ஓடும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அந்தச் சக்தி விழுந்துவிடும். அதாவது மேட்டில் ஏறும்போது, மழை சாத்தும்போது, எதிரே எதுவும் தெரியாதபோது வைப்பர் நின்றுவிடும். காலை எடுத்தால் இரண்டு வீச்சு வீசும். மேடு ஏறுவது என்பது அழுத்து, எடு, பார், அழுத்து என்று ஒரு தாளம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் அந்தத் தாளத்துக்குக் கைதட்டிக்கொண்டே வருவாள். கண்ணாடி ரப்பர் வழியாக ஒழுகிய தண்ணீர் அவள் மடியில் சொட்டும். அந்த ஒழுகல்தான் பிறகு முன்தரையைத் தின்றது என்பது வேறு கதை. அப்போது எங்களுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

பயந்த தருணம்?

வைக்கோல் ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கும்போது பிரேக் மிதி தரை வரை போனது. அந்தக் காலத்து வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று; எங்கே வெடித்தாலும் எல்லாம் போச்சு. அமெரிக்க வண்டிகளில் இரட்டைச் சுற்று பொதுவானது 1967-ஐ ஒட்டித்தான். இரண்டாம் கியருக்கு இறக்கி, கைப்பிரேக்கைப் பிடித்து, வரப்பில் ஏற்றி நிறுத்தினேன். பின் ஆக்சிலுக்குப் போகும் இரும்புக் குழாய், சேஸிஸில் கவ்வியிருந்த இடத்தில் துருத்தின்று கிழிந்திருந்தது. கவ்விக்குள்தானே தண்ணீர் தங்கும். அன்றே எல்லாக் குழாயையும் செம்பு-நிக்கல் கலவைக் குழாயாக மாற்றினேன். அது துருப்பிடிக்காது. மற்ற வேலைகளை ஒத்திப்போடுங்கள், இதை ஒத்திப்போடாதீர்கள்.

பிரேக் மிதித்தால் முகப்பு விளக்கு மங்குகிறது. டைனமோவா?

எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் உடல் வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. விளக்கின் எர்த் துருப்பிடித்த தகட்டின் வழியாக வழி தேடிக்கொண்டிருக்கிறது. பளபளவென்று சுரண்டி, போல்ட் முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். ஆறு வோல்ட் வண்டி என்றால் இது இன்னும் முக்கியம்; அதே சக்திக்கு இரட்டிப்பு மின்னோட்டம் போக வேண்டும், சிறு துருகூடத் தடையாக நிற்கும்.

பழைய என்ஜின் ஆயிலை அடியில் அடித்துவிட்டுப் புழுதிச் சாலையில் ஓட்டுவார்களாமே?

நானும் அடித்திருக்கிறேன். இப்போது வேண்டாம் என்பேன். கழிவு ஆயிலில் அமிலமும் உடம்புக்கு ஆகாத பொருள்களும் இருக்கின்றன. தரையிலும் சொட்டும். கம்பளிக் கொழுப்பு கலந்த எண்ணெய் கிடைக்கிறது. அதை வெயில் காய்ந்த நாளில் கதவுக்குள்ளும் பெட்டித் தகட்டுக்குள்ளும் வருடம் ஒருமுறை அடியுங்கள். முதலில் வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். தார்போல இறுகும் கருப்புப் பூச்சை மட்டும் எனக்குப் பிடிக்காது. அது விரியும், விரிசலில் தண்ணீர் புகும், பிறகு வெளியேற வழியில்லை. மேலே அழகாக இருக்கும், கீழே இரும்பு இருக்காது.

முழுதாகப் புதுப்பிப்பதா, அப்படியே விடுவதா?

ஓட்டப் போகிறீர்கள் என்றால் சேஸிஸ், பிரேக், ஸ்டியரிங், எர்த் எல்லாம் புதுசு. வெளியே பெயின்ட் பழசு. கதவில் மங்கிப்போன பண்ணைப் பெயர் இருந்தால் அதைத் தொடாதீர்கள். வேலை செய்த வண்டிக்குப் பளபளப்பு பொருந்துவதில்லை, எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறைய.

அந்த 1951 வண்டி இப்போது எங்கே?

ஒரு இளைஞர் வாங்கிப்போனார். ஓட்டை இருந்த இடத்தில் என் வெல்டிங் இன்னும் நிற்கிறதாம், கோணலாக. போன வாரம் கேட்டு எழுதியிருந்தார்: காலையில் பிடிக்க மறுக்கிறது, சோக் எவ்வளவு இழுக்க வேண்டும் என்று. முழுவதும் இழுங்கள் தம்பி, ஆக்சிலரேட்டரை இரண்டு முறை மிதியுங்கள், ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். பிடித்ததும் பாதிக்குத் தள்ளுங்கள். அது இருமும். இருமட்டும், அவசரப்படாதீர்கள்.