கிட்டார் தபால்: பாடகர் விலகிய பிறகு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: பேண்டை விட்டு ஒருவர் போவது, போனவர்கள் பல வருஷம் கழித்துத் திரும்புவது. அவற்றுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: முக்கியப் பாடகர் போய்விட்ட பிறகு ஒரு பேண்டைக் கேட்க எனக்கு மனசு வருவதில்லை. பிளாக் கன்ட்ரி நியூ ரோடு 2025-ல் வெளியிட்ட ஆல்பத்தை இன்னும் தொடவே இல்லை. இது என் பிடிவாதமா?

பிடிவாதம் என்று சொல்ல மாட்டேன். ஐசக் வுட்டின் குரலுக்காகவே அந்த பேண்டிடம் போய்ச் சேர்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அவர் விலகுவதாக அறிவித்த நாள் 2022 ஜனவரி 31. அவர்களுடைய இரண்டாவது ஆல்பமான 'ஆன்ட்ஸ் ஃப்ரம் அப் தேர்' வெளியானது பிப்ரவரி 4. நடுவில் நான்கே நாள். சோகமும் பயமும் சேர்ந்து அழுத்துகிறது, கிட்டார் வாசித்தபடி பாடுவதே கஷ்டமாகிவிட்டது என்று அவர் எழுதியிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை நான் ஆல்பத்தைப் போட்டபோது ஒவ்வொரு வரியும் விடைபெறுவது போலவே கேட்டது. கடைசிப் பாட்டு பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் போகும். அது முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மிச்சமிருந்த ஆறு பேரும் அடுத்துச் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதை கூடுகிறது. வெளியான இரண்டு ஆல்பங்களிலிருந்தும் ஒரு பாட்டைக்கூட மேடையில் வாசிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அவருடைய வரிகளை வேறொருவர் வாயில் வைக்க அவர்களுக்கு விருப்பமில்லை. அந்தக் கோடைக்கால விழாக்களுக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்ததால், சில மாதங்களில் முழுக்கப் புதுப் பாட்டுகளை எழுதி எடுத்துக்கொண்டு மேடை ஏறினார்கள். டிசம்பரில் லண்டன் புஷ் ஹாலில் மூன்று கச்சேரிகள் நடத்தி, அவற்றைப் படம் பிடித்து 2023-ல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு நாடகம் போல வேஷம், அலங்காரம். இதோ எங்கள் பள்ளி நாடகம், வந்து பாருங்கள் என்பது மாதிரி.

நேராகப் புது ஆல்பத்துக்குப் போகாதீர்கள். முதலில் அந்தப் புஷ் ஹால் பதிவில் 'டர்பைன்ஸ்/பிக்ஸ்' கேளுங்கள். மே கெர்ஷா பியானோவில் தனியாக ஆரம்பிக்கிறார். குரலில் எந்த அலங்காரமும் இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல இருக்கிறது. மற்றவர்கள் ரொம்ப நேரம் காத்திருக்கிறார்கள். பிறகு ஒவ்வொருவராக உள்ளே வந்து, கடைசியில் டிரம்ஸும் சேர்ந்து கூடமே நிறையும்போது, ஒரு பேண்ட் பிழைத்துக்கொண்டதை நம் காதாலேயே கேட்கிறோம்.

அதற்கப்புறம் 2025 ஏப்ரலில் வந்த 'ஃபாரெவர் ஹவ்லாங்'. டைலர் ஹைட், ஜார்ஜியா எல்லரி, மே கெர்ஷா மூவரும் பாட்டுகளைப் பங்கிட்டுப் பாடுகிறார்கள். வுட்டின் நடுக்கத்தை இதில் தேடினால் கிடைக்காது. மூன்று குரலும் ஒன்றாகக் கூடும் இடங்களுக்காகக் காத்திருங்கள். அவை என்னை ஒவ்வொரு முறையும் அசைக்கின்றன.

கேள்வி: பிக் தீஃப் இப்போது மூன்று பேர்தானா? நாலாவது ஆள் எங்கே?

பேஸ் வாசித்த மேக்ஸ் ஒலியார்ச்சிக் 2024 ஜூலையில் விலகினார். தங்களுக்குள் இருந்த உறவு சார்ந்த காரணங்கள் என்று மட்டும் பேண்ட் சொன்னது. அதற்கு மேல் துருவ நமக்கு உரிமையில்லை என்பது என் கருத்து. போனவர் இடத்தில் ஒருவரை உட்கார வைக்காமல் கதவையே திறந்து விட்டார்கள். நியூயார்க்கில் பல வாத்தியக்காரர்களை ஒரே அறையில் சேர்த்து, எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்க, 'டபுள் இன்ஃபினிட்டி' பதிவானது. வெளியானது 2025 செப்டம்பர் 5. முந்தைய ஆல்பங்களில் பாடகி ஏட்ரியான் லென்கரின் மூச்சுக்கூடக் கேட்கும். இதில் அந்த நெருக்கம் கொஞ்சம் குறைகிறது. அது எனக்கு ஒரு குறைதான். ஆனால் தாளம் சுற்றிச் சுற்றி வரும்போது கிடைக்கும் மிதப்பு புதுசு.

கேள்வி: 2025-ல் வந்ததில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

வெட்னஸ்டேயின் 'பிளீட்ஸ்'. செப்டம்பர் 19 அன்று வந்தது. அவர்கள் அமெரிக்காவின் வட கரோலினாக்காரர்கள். கார்லி ஹார்ட்ஸ்மன் எழுதும் பாட்டுகளில் ஊர்ச் செய்தி நிறைய வரும். சின்ன ஊரில் யாருக்கு என்ன ஆனது என்பதை நேரில் பார்த்தவர் சொல்வது போல அடுக்குவார். கிட்டார்கள் இரைச்சலாகக் கொதிக்கும் நடுவில் பெடல் ஸ்டீல் இழைந்து வரும். அமெரிக்க கன்ட்ரி இசையில் கண்ணீர் சிந்தும் வாத்தியம் அது. இங்கே சத்தத்துக்கு அடியில் நூல் போல ஓடுகிறது. முதல் தடவை உங்கள் காதில் விழாமலும் போகலாம். இரண்டாம் தடவை அதை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

விலகல் இங்கேயும் உண்டு. ஹார்ட்ஸ்மனும் கிட்டாரிஸ்ட் எம்.ஜே. லென்டர்மனும் காதலர்களாக இருந்து பிரிந்தவர்கள். லென்டர்மன் இப்போது பேண்டோடு ஊர் ஊராகப் போவதில்லை. ஆனாலும் ஆல்பத்தில் அவர் கிட்டார் இருக்கிறது.

ஒன்றே ஒன்று என்றுதான் கேட்டீர்கள். இருந்தாலும் கீஸ் என்ற புரூக்ளின் பேண்டின் 'கெட்டிங் கில்ட்' பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்திலேயே சேர்ந்து வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகள். கேமரன் வின்டரின் குரல் தள்ளாடும், இழுக்கும், சில நேரம் சுருதியைவிட்டே வெளியே நிற்கும். அடியில் டிரம்ஸ் எதைத் தாங்க வேண்டுமோ அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

கேள்வி: பழைய பேண்டுகள் திரும்பி வருவதெல்லாம் பணத்துக்காகத்தானே?

சிலருக்கு இருக்கலாம். 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' கேட்ட பிறகு தி க்யூர் பற்றி அப்படிச் சொல்ல என் நாக்கு எழாது.

முந்தைய ஆல்பம் 2008. இது 2024 நவம்பர் 1. பதினாறு வருஷ இடைவெளியில் பாடகர் ராபர்ட் ஸ்மித் அம்மாவை, அப்பாவை, அண்ணனை இழந்தார். மொத்தமே எட்டுப் பாட்டுகள். முதல் பாட்டான 'அலோன்' ஏறத்தாழ ஏழு நிமிடம். அதில் மூன்று நிமிடத்துக்கு மேல் குரலே வராது. டிரம்ஸ் கனமாக, அவசரமே இல்லாமல் அடி வைக்கிறது. அதன் மேல் கீபோர்டு அலை அலையாக எழுகிறது, கிட்டார் ஒரு சின்ன ராகத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்குகிறது. பாடகர் எங்கே என்று நீங்கள் தேடத் தொடங்கி, பிறகு தேடுவதையே விட்டுவிட்ட கட்டத்தில், அந்தக் குரல் வருகிறது. அறுபத்தைந்து வயது மனிதரின் தொண்டையில் 1980-களின் அதே குரல். முதல் சில நொடிகளில் ஆளைப் பிடிக்காவிட்டால் பாட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்ற பயம் எல்லோரையும் ஆட்டும் காலத்தில், திரும்பி வரும் முதல் பாட்டையே இப்படி வைக்க எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! பிரிட்டனில் இந்த ஆல்பம் முதலிடத்துக்குப் போனது. 1992-ல் வந்த 'விஷ்' ஆல்பத்துக்குப் பிறகு அவர்களுக்கு அது நடக்கவே இல்லை.

அண்ணனுக்காக எழுதிய 'ஐ கேன் நெவர் சே குட்பை' பாட்டை நான் அடிக்கடி போடுவதில்லை. என் வீட்டில் ஒரு மரணம் நடந்த வருஷத்தில் அது வந்தது. மழையும் இடியும் கேட்கும் அதன் ஆரம்பமே எனக்குப் போதும்.

பல்ப் என்ற பிரிட்டிஷ் பேண்ட் இன்னும் அதிகமாகக் காக்க வைத்தது: 2001-க்குப் பிறகு 2025 ஜூனில் 'மோர்'. இருபத்து நான்கு வருஷம். இடையில், 2023 மார்ச்சில், அவர்களுடைய பேஸ் கலைஞர் ஸ்டீவ் மேக்கி இறந்துபோனார். ஆல்பம் அவருக்குத்தான் சமர்ப்பணம். ஜார்விஸ் காக்கர் தன் வயதை மறைக்காமல் பாடுவதுதான் அதில் எனக்குப் பிடித்தது. பிரிவும் முதுமையும் நேராகவே வருகின்றன.

கேள்வி: இண்டி ராக் என்பது ஒரு இசை வகையா? எல்லோரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

இசை வகை என்பதும் சரி, இல்லை என்பதும் சரி. ஆனால் எது முதலில் வந்தது என்று தெரிந்தால் குழப்பம் தீரும். 'இண்டிபெண்டன்ட்' என்பதன் சுருக்கம் அது. பெரிய கம்பெனிகளின் கையில் இல்லாத லேபிள் (ரிக்கார்டு வெளியிடும் நிறுவனம்) என்று பொருள். பிரிட்டனில் 1980 ஜனவரியில் இதற்கென்று ஒரு தனி விற்பனைப் பட்டியல் தொடங்கியது. அதில் இடம்பிடிக்க இசை எப்படி இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. ரிக்கார்டை விநியோகிப்பது பெரிய கம்பெனிகளாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். அந்தக் கணக்கில் பாப் நட்சத்திரம் கைலி மினோக் கூட இண்டி பட்டியலில் ஏறினார்! கிட்டார், கூச்சக் குரல், யாரோ போட்டுக் கழித்த பழைய சட்டை என்ற தோற்றமெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டவை.

வேர் எது என்று என்னைக் கேட்டால் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்பேன். மான்செஸ்டரின் பஸ்காக்ஸ், தெரிந்தவர்களிடம் 500 பவுண்ட் கடன் வாங்கி, 1976 டிசம்பர் 28 அன்று நான்கு பாட்டுகளைப் பதிவு செய்து, அடுத்த மாதம் தாங்களே வெளியிட்டார்கள். முதலில் அடித்தது 1000 பிரதி. அந்த உறையின் பின்பக்கம்தான் எனக்கு உயிர். ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது டேக் (எத்தனையாவது தடவை வாசித்துப் பதிந்தது), மேலே ஏதாவது சேர்த்துப் பதிந்தார்களா என்பதை அச்சிட்டிருக்கிறார்கள். சிலது முதல் டேக், ஒன்று மூன்றாவது டேக். ரிக்கார்டு போடுவது என்றால் இவ்வளவுதான், நீங்களும் போடலாம் என்று வாங்குபவர் கையில் வரவு செலவைக் கொடுத்த மாதிரி. அதைப் பார்த்துப் பலர் போட்டார்கள்.

கேள்வி: நான் மாதச் சந்தா கட்டித்தான் பாட்டு கேட்கிறேன். என் பணம் எனக்குப் பிடித்த சின்ன பேண்டுக்குப் போகிறதா?

மிகக் குறைவாக. சிலருக்குச் சுத்தமாகப் போவதில்லை. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், முந்தைய 12 மாதங்களில் ஒரு பாட்டு 1000 தடவையாவது ஒலித்திருந்தால்தான் அதற்கு ராயல்டி. நீங்கள் ஒருவரே நூறு தடவை கேட்டாலும், அந்தக் கோட்டை எட்டாத பாட்டுக்குக் காசு இல்லை.

பேண்ட்கேம்பில் டிஜிட்டல் ஆல்பம் வாங்கினால் அந்தத் தளம் எடுப்பது 15 சதவீதம். 2020 மார்ச்சில், கச்சேரிகள் அடியோடு நின்றுபோன சமயத்தில், குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் எடுப்பதில்லை என்று ஆரம்பித்தார்கள். நான் வாங்க வேண்டியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு அந்த நாட்களில் மொத்தமாக வாங்குகிறேன். சந்தாவை விட வேண்டாம், அதில் தேடுங்கள். மூன்று தடவைக்கு மேல் கேட்டுவிட்டால் காசு கொடுத்து வாங்குங்கள். கச்சேரிக்குப் போனால் வாசலில் டி-ஷர்ட் மேஜைப் பக்கம் ஒரு தடவை நில்லுங்கள். சுற்றுப்பயணச் செலவைப் பல பேண்டுகள் அந்த மேஜையிலிருந்துதான் ஈடுகட்டுகின்றன.

வேறு வழியிலும் போகலாம் என்று காட்டியவர் கனடாவின் சிண்டி லீ. 2024 மார்ச்சில் வந்த 'டயமண்ட் ஜூபிலி' இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் 32 பாட்டுகள். ஸ்ட்ரீமிங்குக்குக் கொடுக்கவில்லை. பழங்காலத்து வடிவில் ஒரு எளிய இணையப் பக்கத்தில் வைத்து, விரும்பினால் பணம் அனுப்புங்கள் என்று கேட்டார். யூடியூபில் மொத்தமும் ஒரே நீளப் பதிவு.  நான் ஒரு ராத்திரி முழுசாக உட்கார்ந்து கேட்டேன். தூரத்து வானொலியிலிருந்து வருவது போன்ற குரல், அதை வெட்டிக்கொண்டு வரும் கூர்மையான கிட்டார். அடுத்த நாள் மறுபடி முதலிலிருந்து.

கேள்வி: ஆல்பம் எல்லாம் ஏன் வெள்ளிக்கிழமையே வருகிறது?

2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்க அதை வெளியீட்டு நாளாக வைத்தார்கள். அதுவரை பிரிட்டனில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய். ஒரு நாட்டில் வந்ததும் இன்னொரு நாட்டில் திருட்டுப் பிரதி கிளம்பிவிடும்.

கேள்வி: ஷெல்லாக் பற்றி எழுதுவதாகச் சொன்னீர்கள், எழுதவே இல்லை.

உண்மை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் தள்ளிப் போட்டேன். ஷெல்லாக் பேண்டின் பாடகரும் கிட்டாரிஸ்டுமான ஸ்டீவ் அல்பினி 2024 மே 7 அன்று இறந்தார். அவர்களுடைய 'டு ஆல் டிரெய்ன்ஸ்' ஆல்பம் ஏற்கெனவே அறிவித்தபடி மே 17 அன்று வந்தது. பிக்ஸீஸ், பி.ஜே. ஹார்வி, நிர்வானா என்று எத்தனையோ பேரைப் பதிவு செய்த அல்பினி, தன்னை ப்ரொட்யூசர் என்று போட ஒப்பமாட்டார். பதிவு செய்தவர் என்று போட்டால் போதும் என்பார். ராயல்டியும் வாங்கமாட்டார். ஒரு பிளம்பர் மாதிரி வேலைக்குக் கூலி வாங்கிக்கொண்டு, பாட்டை அதை எழுதியவர்களிடமே விட்டுவிடுவார்.

ஆல்பம் அரை மணி நேரத்துக்கும் குறைவு. கிட்டார் உலோகத் தகட்டை வளைப்பது போலச் சத்தமிடும். பேஸில் பாப் வெஸ்டன், டிரம்ஸில் டாட் டிரெய்னர், முப்பது வருஷத்துக்கு மேல் அதே மூன்று பேர். டிரம்ஸை மட்டும் தனியாகக் கவனியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் பின்னால் அந்த அறையின் காற்று கேட்கும். மைக்கை எங்கே வைத்தால் அந்தக் காற்று பிடிபடும் என்று வாழ்நாள் முழுக்கத் தேடியவர் அல்பினி.